கடைசி எலியைத் தேடும் கல்வி

(ஊடுருவும் அயல் விலங்குகளின் கட்டுப்பாடும் ஆய்வு மாணவர் பயிற்சியும் குறித்து நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு நாட்டுக்குள் வெளியிலிருந்து வந்து, பெருகி, அங்குள்ள உயிர்களை அழிக்கும் விலங்கை எப்படிக் கட்டுப்படுத்துவது? இந்தக் கேள்விக்கு நஞ்சு, பொறி, துப்பாக்கி, நோய்க்கிருமி எனப் பல விடைகள் உண்டு. அவற்றைப் பற்றிப் பேச இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது அதற்கு முன்னால் நிற்கும் ஒரு கேள்வி. அந்த வேலையைச் செய்யப்போகும் ஆய்வாளரை நாம் எப்படி உருவாக்குகிறோம்? முதுகலை முடித்து முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் ஓர் இளைஞருக்கு மூன்று, நான்கு ஆண்டுகளில் எதைக் கற்றுத்தர வேண்டும்?

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் ஆய்வுப் பயிற்சி என்பது கண்ணுக்குத் தப்பும் விலங்கைக் கண்டறியும் பயிற்சி. ஆயிரத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூறைக் கொல்வதற்கு ஆராய்ச்சி அதிகம் தேவையில்லை. எஞ்சிய பத்துதான் முழு வேலையையும் வீணாக்குகிறது. அந்தப் பத்தைக் காணும் கண் பல்கலைக்கழகத்தில் மட்டும் உருவாவதில்லை. அந்தக் கண் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் போய்க் கற்க நம் மாணவர்களை அனுப்ப வேண்டும், அப்படிக் கற்றுத்தருபவர்களை ஆசிரியர்களாக மதிக்கவும் வேண்டும் என்பதே இந்த உரையின் சாரம்.

ஆராய்ச்சி இல்லாத அவசரம்

முதலில், ஆராயாமல் இறங்கியதால் விளைந்ததைப் பார்ப்போம். 1872-இல் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகள் ஜமைக்காவுக்குக் கப்பலேறின. கரும்புத் தோட்டத்து எலிகளை அவை ஒழிக்கும் என்று தோட்ட முதலாளிகள் நம்பினார்கள். ஜமைக்காவில் பெருகிய அந்த வழியிலிருந்து 1883-இல் ஹவாய்க்கும் கீரிகள் போயின. எலி பெரும்பாலும் இரவில் நடமாடும், கீரி பகலில் நடமாடும். நேரம் பொருந்தவில்லை என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. தரையில் முட்டையிடும் பறவைகள்தாம் கீரிக்கு இரையாயின.

அதே ஹவாயிலிருந்து 1935-இல் ஏறத்தாழ நூறு கரும்புத் தேரைகள் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்துக்கு வந்தன. கார்டன்வேல் அருகே வளர்க்கப்பட்ட அவற்றின் குஞ்சுகளில் சுமார் 2,400 அதே ஆண்டு வயல்களில் விடப்பட்டன. புழுப்பருவத்தில் கரும்பின் வேரைத் தின்னும் வண்டினத்தை அவை தின்னும் என்பது கணக்கு. வளர்ந்த வண்டு கரும்பின் உச்சியில் இருந்தது, தேரையோ தரையில் இருந்தது. பகல் வெயிலில் ஒதுங்கத் தேரைக்கு அந்த வயலில் நிழலும் இல்லை. வால்டர் ஃப்ராகட் என்ற ஓய்வுபெற்ற பூச்சியியலாளர் இது ஆபத்தில் முடியும் என்று எச்சரித்தார். சில காலம் தடை வந்தது, பிறகு தடை நீங்கியது. இன்று அந்தத் தேரை வட ஆஸ்திரேலியாவின் குறுக்கே பரவி, மேற்குக் கோடியிலுள்ள கிம்பர்லி வட்டாரம் வரை எட்டிவிட்டது.

இந்த இரண்டையும் செய்தவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். அவர்களிடம் ஆர்வம் இருந்தது, நிதி இருந்தது, அரசின் ஆதரவு இருந்தது. அந்த விலங்கு எந்த நேரத்தில் எங்கே இருக்கும், எதைத் தின்னும் என்று ஓராண்டாவது உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லை. அப்படி உட்கார்ந்து பார்ப்பதையே முழுநேர வேலையாகக் கொண்டவர் உலகில் ஒருவர்தான் உண்டு. அவர்தான் ஆய்வு மாணவர். பேராசிரியருக்கு வகுப்பு இருக்கிறது, அதிகாரிக்குக் கோப்பு இருக்கிறது, விவசாயிக்கு அறுவடை இருக்கிறது. மூன்று ஆண்டுகள் ஒரே விலங்கின் பின்னால் போக அனுமதி பெற்றவர் அந்த மாணவர் மட்டுமே. இந்தத் துறைக்கு அவர் எவ்வளவு முக்கியமானவர் என்பதை இதிலிருந்து உணரலாம்.

ஒரே ஓர் எலி

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்கு எதிரே ஹவுராகி வளைகுடாவில் நாய்சஸ் என்றொரு சிறு தீவுக்கூட்டம் இருக்கிறது. அதிலுள்ள மரியா தீவில் எலிகள் புகுந்து கடற்பறவைகளைக் கொன்றபோது, வனவிலங்குப் பாதுகாவலர் டான் மெர்ட்டனும் அவருடைய குழுவினரும் வார்ஃபரின் நஞ்சு வைத்தார்கள். 1964-இல் அந்தத் தீவில் எலியே இல்லை என்று உறுதியாயிற்று. தீவிலிருந்து எலியை அடியோடு அகற்ற முடியும் என்ற நம்பிக்கை நியூசிலாந்தில் அங்கிருந்துதான் வளர்ந்தது. இன்று அந்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகள் எலியற்றவை. 11,300 ஹெக்டேர் பரப்புள்ள கேம்ப்பெல் தீவில் 2001-இல் ஹெலிகாப்டர்கள் 120 டன் நஞ்சுத் தீனியைத் தூவின. இரண்டு ஆண்டுகள் கழித்து அதுவும் எலியற்ற தீவாக அறிவிக்கப்பட்டது.

இவ்வளவு வெற்றிக்குப் பிறகும் ஒரு தொல்லை தீரவில்லை. தூய்மையாக்கிய தீவுக்கு எலி மீண்டும் வந்துவிடும். படகில் ஒளிந்து வரும், நீந்தியும் வரும். அப்படி வந்த முதல் எலியை உடனே பிடிக்க முடியுமா? 2004-இல் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்ட மாணவர் ஜேம்ஸ் ரஸ்ஸல் எடுத்துக்கொண்ட கேள்வி இது. நாய்சஸ் கூட்டத்திலேயே உள்ள மோட்டுஹொரோபாபா என்ற 9.5 ஹெக்டேர் தீவில், கழுத்தில் ரேடியோ பட்டை கட்டிய ஒரே ஓர் ஆண் எலியை அவர் விட்டார். அதன் பெயர் ராசா. எலி முதலில் தீவு முழுவதையும் சுற்றி வேவு பார்த்தது. பிறகு அதைப் பிடிக்கும் வேலை தொடங்கியது. பொறி வைத்தார்கள், நஞ்சு வைத்தார்கள், மோப்பம் பிடிக்கும் நாய்களைக் கொண்டுவந்தார்கள். எலி எங்கே இருக்கிறது என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனாலும் அது சிக்கவில்லை.

பிறகு ஒருநாள் ராசா அந்தத் தீவிலேயே இல்லை. திறந்த கடலில் 400 மீட்டர் நீந்தி, பக்கத்திலிருந்த ஒட்டாட்டா தீவுக்குப் போய்விட்டது. அங்கே கிடைத்த புழுக்கையின் மரபணுவைச் சோதித்துத்தான் அது அதே எலி என்று உறுதி செய்தார்கள். கடைசியில் பெங்குவின் இறைச்சி வைத்த பொறியில் அது சிக்கியது. அதற்கு 18 வாரங்கள் ஆகியிருந்தன. நான்கு பேர் எழுதிய அந்த ஆய்வுக் கட்டுரை 2005-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. அந்த நால்வரில் மாணவரின் நெறியாளரான மிக் கிளௌட்டும் உண்டு, அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த டேவிட் டவுன்ஸும் உண்டு.

இந்த ஆய்வைப் பயிற்சியின் கோணத்தில் பாருங்கள். எலிகள் மொய்த்துக் கிடக்கும்போது பொறியும் நஞ்சும் நன்றாக வேலை செய்கின்றன. இடம் போதாமல், உணவு போதாமல் எலி எதையும் தொடுகிறது. தனியாக இருக்கும் எலிக்கு அந்த நெருக்கடி இல்லை. தீவின் உணவெல்லாம் அதற்கே. அறிமுகமில்லாத பொருளை அது ஏன் தொட வேண்டும்? நெருக்கத்தில் வேலை செய்யும் முறை தனிமையில் வேலை செய்யாது என்பதை ஒரு மாணவர் ஒரே ஒரு எலியை வைத்து நிறுவினார். ஆயிரம் எலிகளின் சராசரியில் இந்த உண்மை புலப்பட்டிருக்காது. மாதிரி எண்ணிக்கை ஒன்று என்று கேட்டால் நம் ஆய்வுக் குழுக்களில் பலரும் புருவத்தை உயர்த்துவார்கள். கேள்வி சரியாக இருந்தால் ஒன்று போதும் என்று முடிவெடுக்கும் துணிச்சலை அந்த நெறியாளர் மாணவருக்குக் கொடுத்தார். மாணவர் பயிற்சியில் இந்தத் துணிச்சலும் அடங்கும்.

தோல்வி கண்ட மாதங்களும் அந்த ஆய்வில் தரவாகவே எண்ணப்பட்டன என்பதையும் கவனியுங்கள். பிடிபடாத ஒவ்வொரு வாரமும் பதிவேட்டில் ஏறியது. பிடிக்க முடியாமையே அந்த ஆய்வின் கண்டுபிடிப்பு. நம்மிடம் பூச்சியைக் கட்டுப்படுத்தாத மருந்து, எலியை ஈர்க்காத தீனி, வலையில் விழாத மீன் பற்றிய முடிவுகள் மாணவர்களின் நோட்டுப் புத்தகங்களில் முடங்கிக் கிடக்கின்றன. அவை ஆய்வேட்டில் வர வேண்டும்.

இல்லை என்று சொல்லும் கணக்கு

ஒரு விலங்கை அடியோடு அகற்ற மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்பது இத்துறையின் பாலபாடம். ஒவ்வொரு விலங்கும் நம் பொறிக்கோ நஞ்சுக்கோ எட்ட வேண்டும். அவை பெருகும் வேகத்தைவிட அகற்றும் வேகம் கூடுதலாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து புதிதாக ஒன்றும் வரக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் செலவழித்த பணமும் கொன்ற உயிர்களும் வீண்.

இதில் மாணவருக்குக் கடினமான பாடம், ‘இல்லை’ என்று நிறுவுவது. பார்க்கவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம் முழுவதும் பர்மிய மலைப்பாம்பு பரவியிருக்கிறது. வளர்ப்பு விலங்காக வந்து, தப்பியும் கைவிடப்பட்டும் காட்டில் பெருகிய பாம்பு அது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே ரக்கூன்களைக் காண்பது 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டதைக் காட்டியது. ஆனால் அந்தப் பாம்பு இருக்கும் இடத்தில் தேடிப் போனவர் கண்ணில் அது படும் வாய்ப்போ ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. நான்கு, ஐந்து மீட்டர் நீளமுள்ள பாம்பு புல்லுக்குள் கிடந்தால், அருகில் போகிறவருக்கும் தெரியாது. இந்த ஒரு விழுக்காட்டைக் கணக்கில் எடுக்கத் தெரியாத மாணவர், பத்துப் பாம்பு கண்டேன், ஆகவே பத்து இருக்கிறது என்று எழுதிவிடுவார். அதை நம்பி அரசு திட்டம் தீட்டும். ஆகவே புள்ளியியல் என்பது ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் ஒட்டவைக்கும் அட்டவணை என்ற எண்ணத்தை மாணவர் கைவிட வேண்டும். களத்துக்குப் போகும் முன்பே அவர் கற்க வேண்டிய பாடம் அது.

ஒன்றை அகற்றினால் மற்றொன்று என்ன செய்யும் என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. தாஸ்மேனியாவுக்குத் தெற்கே, அண்டார்க்டிகாவை நோக்கிய கடலில் இருக்கும் மக்குவாரி தீவில் பூனைகளும் முயல்களும் எலிகளும் மனிதரோடு வந்தவை. 1978-இல் முயல்களைக் கட்டுப்படுத்த மிக்ஸோமா வைரஸ் கொண்டுவரப்பட்டது. முயல் குறைந்தது. பூனைகள் கடற்பறவைகளின் பக்கம் திரும்பின. 1985-இல் தொடங்கிய பூனை ஒழிப்பு 2000-இல் கடைசிப் பூனையோடு முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் முயல் பெருகி மலைச்சரிவுகளை மொட்டையாக்கியது. பூனை போனதா காரணம், வைரஸின் வீரியம் குறைந்ததா காரணம் என்று அறிஞர்கள் இதழ்களில் வாதிட்டார்கள். பிறகு எலி, சுண்டெலி, முயல் மூன்றையும் ஒருசேர அகற்றும் திட்டம் வந்தது. 2014-இல் தீவு தூய்மையாக அறிவிக்கப்பட்டது. ஒரே இனத்தை ஒரே துறை பார்க்கும் பழக்கத்துக்கு அந்தத் தீவு கொடுத்த விலை பெரிது. பூனையை ஆய்வு செய்யும் மாணவரும் முயலை ஆய்வு செய்யும் மாணவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஆய்வேட்டுக்கு அப்பால்

ஆஸ்திரேலிய அரசு 1990-இல் கூட்டுறவு ஆய்வு மையங்கள் என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. பல்கலைக்கழகம், அரசு ஆய்வு நிறுவனம், தொழில் துறை ஆகியவை கூட்டாகப் பணம் போட்டு, ஒரு சிக்கலைச் சில ஆண்டுகள் ஆய்வு செய்யும் ஏற்பாடு அது. முதுகெலும்புள்ள தீங்கு விலங்குகளுக்காக 1992-இல் ஒரு மையம் வந்தது. அதன் வழியில் 1999-இல் இன்னொன்றும், 2005-இல் கேன்பெரா பல்கலைக்கழகத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஊடுருவும் விலங்குகளுக்கான கூட்டுறவு ஆய்வு மையமும் வந்தன. 2017 வரை அந்த மையம் இயங்கியது. முயல், நரி, காட்டுப்பன்றி, கெண்டை மீன் எனப் பல விலங்குகள் அதன் ஆய்வில் இருந்தன.

இந்த மையங்களின் ஆய்வுகள் எல்லாமே வென்றுவிடவில்லை. முயலையும் சுண்டெலியையும் கொல்லாமல், வைரஸ் மூலம் மலடாக்கும் முறைக்காகப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். ஆய்வகத்தில் பலன் தந்த அது களப் பயன்பாட்டை எட்டவில்லை. அந்த முயற்சியில் பயின்ற மாணவர்கள் வைரஸ் பரவல் பற்றியும் இனப்பெருக்கம் பற்றியும் பெற்ற அறிவு வேறு வேலைகளுக்குப் போனது. திட்டம் தோற்றாலும் ஆள் உருவாவது இந்தத் துறையில் உண்டு.

நாம் கவனிக்க வேண்டியது, அங்கே மாணவரின் பயிற்சி ஆய்வேட்டோடு முடியவில்லை என்பது. திட்டத்தை நடத்துதல், செய்தியாளரோடு பேசுதல், விவசாயிகள் கூட்டத்தில் எழுந்து விளக்குதல், அரசுக்கு இரண்டு பக்கத்தில் குறிப்பு எழுதுதல் ஆகியவையும் கற்றுத்தரப்பட்டன. காரணம் எளிது. தீங்கு விலங்கை அகற்றும் முடிவை எடுப்பவர் ஆய்வேட்டைப் படிப்பதில்லை. நில உரிமையாளரும் ஊராட்சித் தலைவரும் அமைச்சரும் எடுக்கும் முடிவு அது. அவர்கள் மொழியில் பேசத் தெரியாத ஆய்வு நூலகத்தில் தூங்கும்.

மக்களை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு கலாபகஸ் தீவுகள் சாட்சி. இசபெலா திட்டம் என்ற பெயரில் அங்கே 1997 முதல் 2006 வரை 1,40,000-க்கும் மேற்பட்ட ஆடுகள் அகற்றப்பட்டன. கடைசி ஆடுகளைக் கண்டுபிடிக்க, ரேடியோ பட்டை கட்டிய ஆடுகளை மந்தையைத் தேடிப் போகவிட்டார்கள். ஆடு தனித்திருக்க விரும்பாது, ஒளிந்திருக்கும் கூட்டத்திடம் அது அழைத்துப் போய்விடும். கருத்தடை செய்து, தொடர்ந்து சினைப்பருவத்திலேயே வைத்த பெட்டை ஆடுகள் இந்த வேலையைச் சிறப்பாகச் செய்யும் என்பதை கார்ல் கேம்ப்பெல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தம் முனைவர் பட்ட ஆய்வாகவே செய்தார். ஆய்வறிவு அவ்வளவு நுட்பமாக இருந்தது. அதன் பிறகும், திட்டத்தின் மீது கோபம் கொண்ட உள்ளூர்க்காரர் சிலர் ஆடுகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். ஆட்டின் மனத்தைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அக்கம்பக்கத்து மனிதரின் மனத்தைப் படிக்கவும் கற்றுத்தர வேண்டும்.

வேறு கண்கள்

இனி என் உரையின் மையத்துக்கு வருகிறேன்.

கரும்புத் தேரை கிம்பர்லியை நெருங்கியபோது, அங்கிருந்த பெரிய உடும்புகள் ஆபத்தில் இருந்தன. பெரிய தேரையைக் கடித்தால் அதன் நஞ்சில் உடும்பு செத்துவிடும். சிறிய தேரையைத் தின்றால் வயிறு கலங்கும், வாந்தி வரும், உயிர் போகாது. அந்த அனுபவத்துக்குப் பிறகு உடும்பு தேரையைத் தொடாது. அப்படியானால், பெரிய தேரைகள் வந்து சேரும் முன்பே சிறிய தேரையைக் கொடுத்துப் பாடம் கற்பித்துவிட்டால் என்ன? சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிக் ஷைனின் ஆய்வுக்குழுவில் முனைவர் பட்டம் பயின்ற ஜார்ஜியா வார்டு-ஃபியர் இதைக் களத்திலேயே சோதித்தார். பாடம் கற்ற உடும்புகள் கற்காதவற்றைவிட நீண்ட காலம் பிழைத்தன.

இந்த ஆய்வின் இன்னொரு பகுதி 2019-இல் தனிக் கட்டுரையாக வந்தது. என் பார்வையில் அதுதான் முதன்மையானது. களத்தில் உடும்பைத் தேடியவர்கள் இரு சாரார். பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒருபுறம், அந்த மண்ணின் பலங்கரா பழங்குடி வனக்காவலர்கள் மறுபுறம். யார் எந்த உடும்பைக் கண்டார்கள் என்பது குறித்து வைக்கப்பட்டது. வனக்காவலர்கள் தொலைவில் இருந்ததையும் அடர்ந்த புல்லுக்குள் மறைந்திருந்ததையும் கண்டார்கள். அவர்கள் கண்டவை கூச்ச சுபாவமுள்ள உடும்புகள். ஆய்வாளர்கள் கண்ணில் பட்டவை பெரும்பாலும் துணிச்சலானவை. பாடம் யாருக்கு நன்றாகப் பதிந்தது? கூச்சமுள்ள உடும்புக்கு. ஆய்வாளர்கள் பிடித்த உடும்புகளை மட்டும் வைத்து முடிவெழுதியிருந்தால், இந்த முறை பலன் தராது என்றே எழுதியிருப்பார்கள். நல்லதொரு முறை கைவிடப்பட்டிருக்கும்.

எந்த விலங்கு நம் கண்ணில் படுகிறதோ அதைப் பற்றித்தான் நமக்குத் தெரியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வை நான் அறியேன். கண் மாறினால் முடிவே மாறுகிறது. அப்படியானால் பழங்குடியினரின் கூர்மையான பார்வையை ‘களப்பணி உதவி’ என்று நன்றியுரையின் கடைசி வரியில் எழுதுவது அறிவியலுக்கே நேர்மையாகாது.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு, உங்களில் பலர் அறிந்ததுதான். 2017 ஜனவரியில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகமும் அந்த மாநிலத்தின் வனவிலங்கு ஆணையமும் மலைப்பாம்பு பிடிக்கச் செங்கல்பட்டு வட்டாரத்து இருளர் இருவரை அழைத்தன. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற அந்த இருவரும், 1978-இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தின் வழியில் வந்தவர்கள். அங்குள்ளவர்கள் கரைச்சாலைகளில் வண்டியோட்டிக்கொண்டே பாம்பைத் தேடுவது வழக்கம். இவர்கள் வண்டியை விட்டு இறங்கி, கையில் இரும்புக் கம்பியோடு புதருக்குள் மெல்ல நடந்தார்கள். பாம்பைத் தேடுவதற்கு முன் பாம்பின் தடத்தைத் தேடினார்கள். ஊர்ந்த கோடு, எச்சம், உரித்த சட்டை, வளையின் வாய் என்று தரை சொன்னதைப் படித்தார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்துக்குள் இருந்த 16 அடிப் பெண் பாம்பும் அவற்றில் ஒன்று. 2023-இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளித்தது.

நான் கேட்பது இதுதான். கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகம் இவர்களைத் தேடி வந்து அழைத்துப் போனது. நம்முடைய பல்கலைக்கழகங்களின் ஆய்வு மாணவர்களில் எத்தனை பேர் ஒரு பருவம் முழுவதும் இருளர் பெரியவர் ஒருவரோடு வயல் வரப்பில் நடந்து, எலி வளையின் வாயைப் பார்த்தே உள்ளே ஆள் இருக்கிறதா என்று சொல்லக் கற்றிருக்கிறார்கள்? கற்றதை எத்தனை பேர் அவர் பெயரோடு ஆய்வேட்டில் பதிந்திருக்கிறார்கள்?

கொல்வதற்கு முன்

இன்னொன்றையும் இளைஞர்களிடம் மறைக்காமல் பேச வேண்டும். இந்தத் துறையின் வேலை உயிரைக் கொல்வது. எலியும் நரியும் ஆடும் தீயவை என்பதால் நாம் அவற்றைக் கொல்வதில்லை. மனிதன் கொண்டுபோய் விட்ட இடத்தில் அவை வாழ்கின்றன, அவ்வளவுதான். குற்றம் நம்முடையது, சாவு அவற்றினுடையது. இந்த நினைவு இல்லாத கை இந்த வேலையைச் செய்யக் கூடாது.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஒரு விலங்கைத் தொடும் முன் மாணவர் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். எந்த முறை எவ்வளவு வேதனை தரும், எவ்வளவு நேரத்துக்குத் தரும் என்று ஒப்பிடும் அளவுகோல்களை அங்கே வகுத்திருக்கிறார்கள். நியூசிலாந்தில் 1080 என்ற நஞ்சைக் காட்டில் தூவுவதற்கு இன்றும் கடும் எதிர்ப்பு இருக்கிறது. அந்த எதிர்ப்பாளரை எதிரே உட்காரவைத்து, தரவைக் காட்டி, அவர் சொல்வதையும் கேட்டு, பொறுமையோடு பேச மாணவருக்குத் தெரிய வேண்டும். 2016-இல் அந்நாட்டு அரசு எலிகளையும் ஸ்டோட் எனும் சிறு வேட்டை விலங்கையும் பாஸம் எனும் மரவிலங்கையும் 2050-க்குள் நாடு முழுவதும் இல்லாமலாக்குவோம் என்று அறிவித்தது. மக்களின் இசைவு இல்லாமல் அந்த இலக்கை எட்டும் தொழில்நுட்பம் எதுவும் கிடையாது.

குறைந்த வேதனை, குறைந்த எண்ணிக்கை, முழுமையான முடிவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. வேலையைப் பாதியில் விட்டால் மீண்டும் பெருகும், மீண்டும் கொல்ல நேரும். ஆகவே சரியான ஆய்வே இரக்கமான ஆய்வு.

நம் முன் இருக்கும் வேலை

இது அயல்நாட்டுக் கதை என்று யாரும் எழுந்து போக வேண்டாம். 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் தாயகம். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் வெண்பஞ்சு படர்ந்து கருகின. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று ஒட்டுண்ணிக் குளவி இனங்கள் முறைப்படி தருவிக்கப்பட்டு, சோதிக்கப்பட்டன. வேளாண் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் அவற்றைப் பெருக்கி வயலில் விட்டன. மாவுப்பூச்சி அடங்கியது. ஆராய்ந்து இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைத்த சான்று அது. கீரியைக் கப்பலேற்றியவர்கள் செய்யாததை இவர்கள் செய்தார்கள். தாயகத்தில் அந்தப் பூச்சியின் எதிரி யார், அந்த எதிரி வேறு எதையும் தொடுமா என்று முதலில் பார்த்தார்கள்.

2022-இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக் கரந்தமலை அடிவாரத்து ஊர்களில் மஞ்சள் பைத்திய எறும்பு பெருகியது. ஆடுமாடுகளின் கண்ணைத் தாக்குகிறது என்று விவசாயிகள் முறையிட்டார்கள். எண்ணூர், பழவேற்காட்டுக் கழிமுகங்களில் தென் அமெரிக்க மட்டியினம் ஒன்று சேற்றுத்தரையில் பாய் விரித்தாற்போல் படர்ந்து, இறாலுக்கும் உள்ளூர் மட்டிகளுக்கும் இடமில்லாமல் செய்கிறது. மீனவர்கள் அதற்குக் காக்கா ஆழி என்று பெயரிட்டார்கள். வலை போடும் கையால் மாற்றத்தை உணர்ந்து குரல் எழுப்பியவர்கள் அவர்கள். அந்தக் குரல் ஆய்வேட்டின் முதல் அத்தியாயமாக இருந்திருக்க வேண்டும்.

இந்த அவையின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: ஊடுருவும் உயிரினங்களை ஆய்வு செய்யும் ஒவ்வொரு முனைவர் பட்ட மாணவருக்கும், பல்கலைக்கழக நெறியாளரோடு களத்திலிருந்து ஓர் இணை நெறியாளர் இருக்கட்டும். இருளர் பெரியவராக, கழிமுக மீனவராக, கரந்தமலை அடிவாரத்து ஆடு மேய்ப்பவராக அவர் இருக்கலாம். பட்டம் கேட்காமல், மதிப்பூதியம் கொடுத்து, ஆய்வேட்டின் முகப்பில் பெயர் போட்டு அவரை அமர்த்துங்கள்.

இரண்டு: ஆய்வுக்குப் பதிவு செய்த முதல் ஆண்டிலேயே கண்டறியும் வாய்ப்பைக் கணக்கிடும் புள்ளியியல் கட்டாயப் பாடமாகட்டும். எத்தனை கண்டோம் என்பதோடு, எத்தனை கண்ணுக்குத் தப்பியிருக்கும் என்பதையும் எழுதாத ஆய்வேட்டை ஏற்க வேண்டாம்.

மூன்று: பலன் தராத முறைகள் பற்றிய முடிவுகளுக்கு ஆய்வேட்டில் தனி அத்தியாயம் இருக்கட்டும். அடுத்த மாணவர் அதே பொறியை அதே இடத்தில் வைத்து அதே ஆண்டுகளை இழக்காமல் இருக்க அது உதவும். கொல்லப்பட வேண்டிய விலங்குகளின் எண்ணிக்கையும் அதனால் குறையும்.

நான்கு: ஆய்வு முடிந்த ஊரில், அந்த ஊர் மக்கள் முன், தமிழில், மாணவர் தம் முடிவை எடுத்துச் சொல்லும் கூட்டம் நடக்கட்டும். வாய்மொழித் தேர்வுக்கு முன்பே அது நடக்க வேண்டும். ஊரார் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்ல முடிந்தவருக்கு, தேர்வாளர்களின் கேள்விகள் கடினமாக இருக்காது.

இவற்றில் எதற்கும் பெரிய கட்டடம் வேண்டாம், வெளிநாட்டுக் கருவி வேண்டாம். ஆய்வு விதிகளில் சில வரி மாற்றமும், கல்விக்குழுவில் ஒரு தீர்மானமும், நெறியாளர்களின் மனவிரிவும் போதும். இந்த அறக்கட்டளையை நிறுவியவர்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். அடுத்த ஆண்டு முதல் இந்த நிதியின் ஒரு பகுதியைக் களத்து இணை நெறியாளர் ஒருவரின் மதிப்பூதியத்துக்கு ஒதுக்குங்கள். முதல் நியமனம் இருளர் ஒருவருக்கோ பழவேற்காட்டு மீனவர் ஒருவருக்கோ கிடைக்கட்டும். அவரிடம் பயிலும் மாணவர் நாளை இதே மேடையில் நின்று, தாம் கண்டதை நமக்குச் சொல்லட்டும்.